கட்டில் நடக்குமா?

நாற்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழக வகுப்புக்குள் நுழைந்து, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முதல் வரிசையில் உட்கார ஒரு துணிச்சல் வேண்டும். அது அவளிடம் தேவைக்கு மேலேயே இருந்தது. முதல் நாள் அவள் கதவைத் திறந்ததும், பாடம் நடத்த வந்தவர் என்று நினைத்துப் பாதி வகுப்பு எழுந்து நின்றது. "உக்காருங்க, உக்காருங்க. நானும் உங்கள மாதிரி மார்க்குக்குப் பயந்தவதான்," என்று சொல்லிவிட்டுப் பையை மேசைமேல் வைத்தாள். மார்க்குக்குப் பயந்தவள் என்றது சுத்தப் பொய். அவள் எதற்கும் பயந்து யாரும் பார்த்ததில்லை.

பதினெட்டு வருடம் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு எழுத்தர். ஒரு நோயாளி வந்து சேர்ந்தால் அவர் விவரத்தை ஏழு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். சேர்க்கைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, சலவைத் துணிக்குக்கூட ஒன்று. ஏழிலும் எழுதி முடிப்பதற்குள் நோயாளிக்குக் காய்ச்சலே இறங்கிவிடும். ஒன்றில் வயது ஐம்பத்து நான்கு என்று இருக்கும், இன்னொன்றில் நாற்பத்தைந்து. இந்தக் கதைகளை அவள் இடைவேளையில் சொல்லிச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்ததால், எல்லோருக்கும் அவள் 'ரிஜிஸ்டர் அக்கா' ஆகிவிட்டாள்.

டேட்டாபேஸ் பாடம் நடத்திய பேராசிரியை அவளைவிடப் பத்து வயது சின்னவர். குரல் ஒரு வரிசைக்கு மேல் கேட்காது. ஆனால் முதல் வகுப்பில் அவர் சொன்ன முதல் வாக்கியம் இவளை நிமிர வைத்தது. "ஒரு தகவலை ஒரே ஒரு இடத்துலதான் எழுதணும். ரெண்டு இடத்துல எழுதினா, என்னைக்காவது ஒருநாள் ரெண்டும் சண்டை போடும். அப்ப எதை நம்புறதுன்னு உங்களுக்கே தெரியாது."

அடக் கடவுளே, இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் பதினெட்டு வருடம் கை ஒடிய எழுதினோமே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, மூன்று இழுப்பறைகளில் சிதறிக் கிடந்த சாமான்களைத் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் ஒதுக்கினாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர் இரண்டு நாள் கத்தரிக்கோலைத் தேடினார். "உன் படிப்பு முடியுறதுக்குள்ள என்னையும் எந்த டப்பாவுலயாவது போட்டு லேபிள் ஒட்டிடாத தாயே," என்று கும்பிட்டார்.

பாடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்தத் தகவல் எந்த டேபிளில் போக வேண்டும், ஒரு டேபிளை இன்னொன்றோடு எப்படி இணைக்க வேண்டும் என்று மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது அவள் படம் போட்டு முடித்துப் பேனாவை மூடியிருப்பாள். வகுப்பில் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் ஒரு வார்டிலிருந்து வரும். பிள்ளைகள் பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தை விட்டுவிட்டு அவளைத்தான் சூழ்ந்துகொள்வார்கள்.

ஆனால் விளையாட்டில்லை. ஆஸ்பத்திரி அவளுக்குக் கொடுத்த படிப்பு விடுப்பு இந்தப் பருவத்தோடு முடிகிறது. பட்டத்தோடு திரும்பினால் ஆவணப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பட்டம் இல்லாமல் திரும்பினால், அதே நாற்காலி, அதே ஏழு ரிஜிஸ்டர். மிச்சமிருந்தது டேட்டாபேஸ் பாடத்தின் செயல்திட்டம் ஒன்றுதான். அதில் தேறாதவர்கள் பாடத்திலேயே தேற முடியாது.

செயல்திட்டத்துக்குப் பேராசிரியை வைத்த விதி வினோதமானது. நிஜமான ஓரிடத்துக்கு ஒரு டேட்டாபேஸ் செய்ய வேண்டும். அந்த இடத்து ஆட்கள் அதைக் கொண்டு மூன்று சுற்று வேலையை, இடையில் ஒருமுறைகூடக் காகிதத்துக்குத் திரும்பாமல், தொடர்ந்து செய்து முடிக்க வேண்டும். அங்குள்ள பொறுப்பாளர் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். "அழகா இருக்கா இல்லையாங்கறது எனக்கு முக்கியமில்ல. ஜனங்க புழங்குறாங்களா, அதைச் சொல்லுங்க," என்றார்.

அவளுக்கு ஜோடியாக வந்தவள் ஒரு ஒல்லிப் பெண். யோசிப்பதற்கு முன்பே தட்டச்சு செய்துவிடுவாள் என்பதால் வகுப்பில் அவளுக்குப் பெயர் புயல். இருவரும் எடுத்துக்கொண்ட வேலை, வார்டில் எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று சமையல்கூடத்துக்குச் சொல்லும் வேலை. உப்பில்லாதது யாருக்கு, சர்க்கரை இல்லாதது யாருக்கு, கஞ்சி மட்டும் யாருக்கு, ஆபரேஷனுக்காக ஒன்றுமே கொடுக்கக்கூடாதது யாருக்கு. ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று சுற்று. கணக்கு கச்சிதமாக இருந்தது.

படம் வரைந்த அன்றே புயல் ஒரு கேள்வி கேட்டாள். ஒவ்வொரு டேபிளிலும் ஒரு வரியை இன்னொரு வரியிலிருந்து பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும். அதைத்தான் வகுப்பில் 'கீ' என்பார்கள். அக்கா அந்த இடத்தில் கட்டில் எண்ணை எழுதியிருந்தாள்.

"அக்கா, கட்டில் நம்பர் எதுக்கு? கையில கட்டுற பட்டையில ஆளுக்கு ஒரு நம்பர் குடுப்பாங்கல்ல, அதை வெச்சுக்கலாமே?"

"வார்டுல அந்த நம்பரை யாரு படிக்கிறா? ஏழு இலக்கம். அங்க எல்லாரும் 'ஒன்பதுக்கு ஊசி போடு, பதினாலுக்குக் காய்ச்சல்'னுதான் பேசுவாங்க. கட்டில்தான் ஆளு, ஆளுதான் கட்டில்."

"ஆளு கட்டில் மாறினா?"

"எப்பவாவது மாறுவாங்க. அதுக்காக ஒரு டேபிளா? பதினெட்டு வருஷம் அங்க குப்பை கொட்டியிருக்கேன்டீ, எனக்குத் தெரியாதா?"

பதினெட்டு வருடம் என்றதும் புயல் வாயை மூடிக்கொண்டாள். வயசுக்கும் அனுபவத்துக்கும் முன்னால் யாருமே வாயை மூடிக்கொள்வார்கள். அதுதான் அனுபவத்தில் இருக்கும் பெரிய ஆபத்து. பேராசிரியையோ, சமர்ப்பித்த படத்தில் அந்தக் கட்டில் எண்ணைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் இரண்டே சொல் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'கட்டில் நடக்குமா?' அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "நடக்காதுங்கறதாலதானே அதைக் கீயா வெச்சேன்!" என்று புயலிடம் காட்டிப் பெருமைப்பட்டாள்.

ஆஸ்பத்திரியின் அனுமதி இழுத்தடித்து, செயல்திட்டத்தைச் சமர்ப்பிக்க வேண்டிய வாரத்தில்தான் கிடைத்தது. புதன்கிழமை மூன்று வேளை ஓட்டிக்கொள்ளலாம். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் குறிப்பேடு பேராசிரியை மேசையில் இருக்க வேண்டும். சமையல்கூடத்துப் பொறுப்பாளர் வேறு யாருமில்லை, கணவரின் மூத்த அக்கா. அண்ணி என்றால் அந்தக் கட்டடத்தில் டாக்டர்களே வழி விடுவார்கள். நூற்றிருபது தட்டுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கும் ஆகிருதி.

"ஏம்மா, காகிதம்னா கரண்ட் போனாலும் படிக்கலாம். உன் பெட்டி அணைஞ்சு போச்சுன்னா நான் நோயாளிக்கு என்னத்த குடுப்பேன், உன் சர்டிபிகேட்டையா?"

"ஒரே ஒரு நாள், அண்ணி. அப்புறம் நீங்களே கேப்பீங்க பாருங்க."

"பார்க்கத்தானே போறேன்," என்றார் அண்ணி.

புதன்கிழமை காலைச் சாப்பாடு வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் முடிந்தது. திரையில் பட்டியல் வந்தது, தட்டுகளில் லேபிள் ஒட்டினார்கள், தள்ளுவண்டி போனது, ஒரு தட்டுகூடத் திரும்பி வரவில்லை. அண்ணி குறிப்பேட்டின் முதல் வரியில் கையெழுத்துப் போடும்போது உதட்டைப் பிதுக்கினாலும் கண்ணில் கொஞ்சம் பெருமை இருந்தது. அக்கா வார்டு மேசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அடுத்த வருடம் ஆவணப் பிரிவில் எந்த அலமாரியை முதலில் காலி செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

மதியச் சாப்பாடு வந்தது. தட்டுகளைக் கொடுத்து முடிக்கும் நேரத்தில் பதினான்காம் கட்டிலிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"இந்த வரிசையில எல்லாருக்கும் தட்டு வந்தாச்சு. நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?"

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினான்கு என்றால் மதியம் இரண்டு மணிக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று அவளே காலையில் பதிந்தது. கட்டிலின் கால்மாட்டில் 'வாய்வழி எதுவும் கொடுக்காதே' என்ற அட்டையும் தொங்கியது. பட்டினி கிடக்கிற மனிதர் கத்தாமல் என்ன செய்வார்? எழுந்து போய்ப் பக்குவமாகச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க ஐயா. ஆபரேஷன் முடியட்டும்."

"ஆபரேஷனா? எனக்குப் போன வாரமே முடிஞ்சுதேம்மா. நாளைக்கு வீட்டுக்குப் போறேன்!"

அப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நரைத்த மீசை, எழுபதை நெருங்கிய வயது. பணி ஓய்வு பெற்ற தபால்காரர். காலையில் அவள் பதிந்த பதினான்கோ, முப்பத்தாறு வயதுப் பெயிண்டர்.

"இந்தக் கட்டிலுக்கு எப்ப வந்தீங்க?"

"பத்து மணிக்கு. ஆபரேஷனுக்குப் போற ஆளு கதவுகிட்ட இருக்கணும்னு சிஸ்டர் எங்க ரெண்டு பேரையும் மாத்திப் போட்டாங்க. நான் ஒன்பதுல இருந்தேன்."

அப்படியென்றால் பெயிண்டர் இப்போது ஒன்பதில். ஒன்பதாம் கட்டிலுக்கு முழுச் சாப்பாடு. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் சோறு இருந்தால், அது மூச்சுக்குழலுக்குள் போய் ஆளையே கொண்டுபோய்விடும். ஓடினாள். நாற்பதைத் தாண்டிய வயதில், வழுக்கும் தரையில், தபால்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்க்க, தலைதெறிக்க ஓடினாள். பெயிண்டர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கரண்டியை வாய்க்கு அருகே கொண்டு போய்விட்டிருந்தார். ஒரே பிடுங்கு. கரண்டி ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம்.

"ஏங்க! நேத்து ராத்திரியிலிருந்து பட்டினிங்க!"

"ஒரு வாயாவது சாப்பிட்டீங்களா?"

"எங்க விட்டீங்க? தட்டு வந்துச்சு, சரி, டாக்டர் சாப்பிடச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன்."

சிஸ்டர் வந்தாள். அட்டை பதினான்காம் கட்டிலிலேயே தொங்குவதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மாத்தும்போது அட்டையை மறந்துட்டேன். சரி, உங்க கம்ப்யூட்டர்ல சொல்லலாம்னு பார்த்தேன். கட்டில் மாத்துற இடமே அதுல இல்லியே?"

இல்லைதான். அப்படி ஓர் இடம் வேண்டாம் என்று சொன்னவள் யார் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். வண்டியை நிறுத்தச் சொன்னாள். பழைய காகிதப் பட்டியலைக் கொண்டு வரச் சொல்லி, சிஸ்டரும் அவளும் கட்டில் கட்டிலாகப் போய், முகம் பார்த்து, பெயர் கேட்டு, மீதியைச் சரிபார்த்தார்கள். மதியச் சாப்பாடு காகிதத்தில் முடிந்தது. செயல்திட்டமும் அத்தோடு முடிந்தது என்றே தோன்றியது.

செய்தி கேட்டு அண்ணி மேலே வந்தார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. திட்டு விழும் என்று அவள் தலையைக் குனிந்து நின்றாள். ஆனால் அண்ணி குறிப்பேட்டை வாங்கி, பேனாவைத் திறந்தார்.

"ஒரு தட்டு மாறிச்சு. பிடிச்சிட்ட. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நான் மத்தியானம் சரியாப் போச்சுன்னு கையெழுத்துப் போடறேன். ராத்திரிக்கும் போடறேன். நீ பாஸ் பண்ணிட்டு வா, மத்தத அப்புறம் பார்த்துக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

அந்த ஒரு நிமிடம் அவள் உண்மையாகவே ஆடிப்போனாள். அண்ணி இப்படி யாருக்கும் விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் இவளுக்குப் பின்வரிசையில் நாற்காலி போட்ட அண்ணியா இது? கண் கலங்கியது. அந்தக் கையெழுத்து இருந்தால் போதும், ஏழு ரிஜிஸ்டர் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய்.

"வேண்டாம் அண்ணி. இங்க நடந்தது ஒண்ணு, அந்தத் தாள்ல எழுதினது ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி இருந்தா, நாளைக்கு எதை நம்புறது? இதைத்தானே நாலு மாசமா படிச்சேன்."

பேனாவை வாங்கித் தானே எழுதினாள்: 'மதியம். தவறு. நோயாளி கட்டில் மாறியது தெரியாமல் தட்டு மாறியது. காகிதத்துக்குத் திரும்பினோம்.' கீழே கையெழுத்துக்காக நீட்டினாள். அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.

எழுதி முடித்ததும் அவளுக்கு ஒரு கணக்கு பளிச்சென்று பட்டது. விதி என்ன? மூன்று சுற்று, தொடர்ந்து. இன்றைக்குள் என்று யாரும் சொல்லவில்லை. இன்று இரவு ஒன்று, நாளைக் காலை ஒன்று, நாளை மதியம் ஒன்று. ஐந்து மணிக்குச் சமர்ப்பிக்கலாம். இரவுப் பட்டியல் சமையல்கூடத்துக்குப் போவது மாலை ஐந்து மணிக்கு. இப்போது மணி ஒன்று.

"அண்ணி, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் விடுவீங்களா?"

"ஒரு நாள்னு சொன்ன."

"அந்த நாள் வீணாப் போச்சு. இன்னொண்ணு குடுங்க."

"ஒரு ஆளைக் கொல்லப் பார்த்த பெட்டியை மறுபடியும் நம்பச் சொல்றியா?"

"பெட்டி மேல தப்பில்ல. நான் போட்ட படத்துல தப்பு. அதை நானே திருத்திக் காட்டறேன். ஐஞ்சு மணிக்கு நீங்களே சோதிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா காகிதத்துலயே ஓட்டுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அண்ணி அவள் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார். கையெழுத்தை வேண்டாம் என்றவளை நம்பலாம் என்று பட்டிருக்க வேண்டும். "ஐஞ்சுன்னா ஐஞ்சு. ஒரு நிமிஷம் தாண்டினாலும் என் அடுப்பு காத்திருக்காது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சலவைத் துணி அடுக்கும் அறையில், மடித்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அவளும், சமையல்கூடத்திலிருந்து ஓடி வந்த புயலும் உட்கார்ந்தார்கள். அக்கா முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தாள்.

"நீ அன்னைக்கே கேட்ட. நான்தான் பதினெட்டு வருஷம் பதினெட்டு வருஷம்னு உன் வாயை அடைச்சிட்டேன். தப்பு என்னுது."

"பரவாயில்லக்கா," என்றாள் புயல். "எனக்கு ஒண்ணுதான் புரியல. வாராவாரம் கட்டில் மாறும்னு சிஸ்டர் சொல்றாங்க. பதினெட்டு வருஷத்துல நீங்க பார்க்கவே இல்லியா?"

அக்கா தன் வலது கையைப் பார்த்தாள். பார்க்காமல் என்ன? ரிஜிஸ்டரில் ஒன்பதாம் வரியிலிருந்து பதினான்காம் வரிக்கு, பதினான்கிலிருந்து ஒன்பதுக்கு, சிவப்புப் பென்சிலால் ஓர் அம்புக்குறி போடுவாள். பக்கத்தில் நேரத்தைக் கிறுக்குவாள். அப்படி எத்தனை ஆயிரம் அம்புக்குறி போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கை தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால், தலைக்கு அது தெரியவே இல்லை. ரிஜிஸ்டரில் கோடு போட்ட கட்டங்களை மட்டும் டேபிளாக மாற்றினாளே தவிர, கட்டத்துக்கு வெளியே தான் வரைந்ததை மறந்துவிட்டாள்.

"அடியே," என்று புயலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அம்புக்குறி! அதுதான் நாம விட்ட டேபிள்!"

அதன்பிறகு வேலை ஓடிய ஓட்டத்தைச் சொல்லி மாளாது. நோயாளிக்கு ஒரு டேபிள், கீ அவர் கைப்பட்டையிலுள்ள ஏழு இலக்க எண். கட்டிலுக்கு ஒரு டேபிள், அதில் கட்டில் பேசாமல் தன் இடத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒன்று: எந்த நோயாளி, எந்தக் கட்டிலில், எந்த நேரத்திலிருந்து, எந்த நேரம் வரை. சாப்பாட்டு உத்தரவு இனிக் கட்டிலைப் பார்க்காது, ஆளைத்தான் பார்க்கும். ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் போட முயன்றால் டேட்டாபேஸே முடியாது என்று சொல்லிவிடும். அக்கா சொல்லச் சொல்லப் புயல் தட்டினாள். முதல் தடவையாக, தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள். அக்காவும் முதல் தடவையாக, பதில் சொல்வதற்கு முன்னால் யோசித்தாள்.

மூன்றரைக்கு எல்லாம் ஓடியது. மூன்று நாற்பதுக்கு ஒன்றுமே ஓடவில்லை. பழைய டேபிளிலிருந்து விவரங்களை மாற்றியபோது இரண்டு பேர் காணாமல் போயிருந்தார்கள். காலையில் பதிந்தபோது கைப்பட்டை எண்ணை நிரப்பாமல் விட்டவர்கள். அக்கா ஓடிப்போய் அவர்கள் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து எழுதி வந்தாள். நான்கு ஐம்பதுக்கு அண்ணி வந்து நின்றபோது திரையில் வார்டின் முப்பது பேரும் இருந்தார்கள்.

"நாலாம் கட்டில் ஆளை எட்டுக்கு மாத்து," என்றார் அண்ணி.

மாற்றினாள். உப்பில்லாத சாப்பாடு எட்டுக்குப் போனது.

"இப்ப அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பு."

அனுப்பினாள். பட்டியலில் இருபத்தொன்பது பேர்.

"செத்தவனுக்கும் ரெண்டு நாள் தட்டு அனுப்பின ஆஸ்பத்திரி இது," என்று முணுமுணுத்துவிட்டு, "சரி, அந்த ஆளைத் திரும்பக் கொண்டு வா பாவம். பட்டியலை அனுப்பு," என்று கிளம்பினார். அது சம்மதம்.

இரவுச் சாப்பாடு சரியாகப் போனது. காலையும் போனது. மதியத்துக்குச் சற்று முன், லேபிள் ஒட்டிய பிறகு, சிஸ்டர் வேண்டுமென்றே செய்தாளோ வேலை அப்படியோ, மூன்று பேரைக் கட்டில் மாற்றினாள். அதில் ஒருவர் பெயிண்டர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஒன்பதில் இருந்தவர், மூன்றாம் கட்டிலுக்குப் போனார். அக்கா திரைக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தாள். வண்டி உள்ளே வந்தது. லேபிளில் இப்போது ஆளின் பெயர்தான் பெரிதாக இருந்தது. பரிமாறுபவர் திரையைப் பார்த்தார், நேரே மூன்றாம் கட்டிலுக்குப் போய், தெளிந்த சூப்பை வைத்தார்.

பெயிண்டர் சூப்பைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நீங்கதானே என் தட்டைப் பிடுங்கினது?"

"நான்தாங்க."

"டாக்டர் சொன்னாரு. அந்த ஒரு கரண்டி உள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு." சூப்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். "எனக்கு ஒரு பொண்ணு இருக்குங்க. மூணு வயசு." அவருடைய தலையணையைத் தேவையே இல்லாமல் ஒருமுறை சரிசெய்துவிட்டு வந்தாள்.

நான்கு ஐம்பதுக்குப் பேராசிரியையின் அறையில் குறிப்பேடு மேசைமேல் இருந்தது. ஐந்து வரி. இரண்டாவது வரியில் அவள் கையெழுத்தில் 'தவறு' என்ற சொல் பளிச்சென்று நின்றது. பேராசிரியை அதை இரண்டு முறை படித்தார்.

"இந்த வரிய நீங்க எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது மேடம். ஆனா பெயிண்டர் ஒருத்தருக்குத் தெரியும்."

"கட்டிலைப் பத்தி அன்னைக்கே கேட்டிருந்தேனே."

"கேட்டீங்க. நான் கட்டிலை மட்டும் பார்த்தேன் மேடம். அதுல படுத்திருக்கிற ஆளு எழுந்து நடப்பான்னு தோணல." எழுந்து நின்று அவள் தன் தப்பைச் சொன்ன விதத்தில் ஒரு கூச்சமும் இல்லை. பக்கத்தில் நின்ற புயல்தான் துப்பட்டா நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பேராசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அக்காவின் பையில் போன் அலறியது. அணைக்கப் போனாள். சமையல்கூடத்து எண் என்று பார்த்ததும் முகம் மாறியது. அறையில் அவ்வளவு அமைதி இருந்ததால், போனை எடுத்தபோது அண்ணியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஏம்மா, எங்க போய்த் தொலைஞ்ச? ராத்திரிக்குப் பட்டியல் திரையில வந்திருக்கு, சரி. அந்த ஒன்பதாம்..." ஒரு நொடி நின்றார். "அந்தப் பெயிண்டரு, இப்ப மூணாம் கட்டில்ல இருக்காருன்னு காட்டுது. சரிதானே? சூப்பு ஆறிடப் போகுது."

"சரிதான் அண்ணி. ஆனா... மூணு வேளை முடிஞ்சு போச்சே. நீங்க இனி காகிதத்துக்கே திரும்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

"காகிதமா? அந்தக் கட்டெல்லாம் மத்தியானமே மூட்டை கட்டி மேல தூக்கிப் போட்டாச்சு. எனக்கு வேலை இருக்கு, வை போனை."

அக்கா போனை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவும் இல்லை. பேராசிரியை குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஐந்தாவது வரிக்குக் கீழே, யாரும் கேட்காத ஆறாவது வரியை, 'வியாழன் இரவு. காகிதம் இல்லை' என்று தானே எழுதி, பொறுப்பாளர் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.